அப்பாவிடம் எச்ஐவி சோதனைக்குச் சம்மதம் கேட்டார்கள். எமர்ஜென்சியிலேயே எல்லாருக்கும் எடுத்துவிட்டால் என்ன?

ஈசூன்காரன் எழுதியது:

அப்பாவுக்கு 64 வயது. காய்ச்சல், மூச்சிரைப்பு என்று இங்கே சிங்கப்பூரில் எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போனோம். எக்ஸ்ரே எடுத்துவிட்டு நிமோனியா என்றார்கள், படுக்கை கிடைக்க ராத்திரி முழுக்கக் காத்திருந்து விடியற்காலையில்தான் வார்டுக்கு மாற்றினார்கள். அதுவரை எந்தக் குறையும் சொல்ல முடியாது, நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள்.

வார்டில் ஓர் இளம் டாக்டர் வந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டார். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, சிகரெட் உண்டா, வீட்டில் படி ஏறுவாரா என்றெல்லாம். அப்பாவுக்கு ஆங்கிலம் ஓரளவுதான், அதனால் நான் நடுவில் நின்று தமிழில் சொல்லி, பதிலை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதே மூச்சில் டாக்டர், எச்ஐவி சோதனையும் செய்வோம், வேண்டாம் என்றால் சொல்லலாம் என்றார். ஒரு பக்கம் அம்மா, கால்மாட்டில் அத்தை. திரை பாதிதான் இழுத்திருந்தது, அடுத்த கட்டிலில் இருந்த சீனத் தாத்தாவின் மகள்கூட நிமிர்ந்து பார்த்தார்.

எப்படிச் சொல்வது என்று யோசிக்கக்கூட நேரமில்லை. "எச்ஐவி டெஸ்ட் எடுக்கலாமான்னு கேக்குறாங்கப்பா" என்றேன். "யாருக்கு?" என்றார் அப்பா. அம்மா டாக்டரைப் பார்த்து "ஒய், டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். அவர் ரொட்டீன், ரொட்டீன் என்று இரண்டு முறை சொன்னார். அப்பா கையை ஆட்டி வேண்டாம் என்றதும் கணினியில் எதையோ தட்டிவிட்டு, பல் செட்டு போட்டிருக்கிறாரா என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சாயங்காலம் சித்தப்பா ஜொகூரிலிருந்து எனக்குப் போன் போட்டு "அண்ணனுக்கு என்னமோ டெஸ்டாமே?" என்கிறார். அத்தைக்கு நன்றி.

என் கேள்வி இதுதான். லண்டனில் இருக்கும் என் பெரியப்பா மகள், அங்கே எமர்ஜென்சியில் யாருக்கு ரத்தம் எடுத்தாலும் கூடவே எச்ஐவியும் பார்த்துவிடுகிறார்கள், யாரும் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று தனியாகக் கேட்பதில்லை என்கிறாள். இங்கே ஏன் அப்படிச் செய்யக்கூடாது? எல்லாருக்கும் என்றால் யாருக்கும் சங்கடம் இல்லையே. அப்புறம், அப்பாவிடம் மறுபடியும் பேசி எடுக்கச் சொல்லலாமா, இல்லை விட்டுவிடலாமா? சந்தேகம் எதுவும் எனக்கு இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

---

வார்டு_அக்கா எழுதியது:

தம்பி, முதலில் அப்பா சீக்கிரம் குணமாகட்டும். நான் தாதி, பொது வார்டுகளில் பல வருஷம் வேலை பார்த்தவள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

டாக்டர் சொன்னது உண்மைதான், அப்பாவைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. 2008 டிசம்பரிலிருந்து இங்கே பொது மருத்துவமனைகளில் சேரும் 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தச் சோதனை உண்டு. நோயாளி வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள், சொல்லாவிட்டால் எடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு அதற்கும் முன்னால், 2004 முடிவிலிருந்தே நடக்கிறது. உங்கள் வீட்டில் 2004க்குப் பிறகு இங்கே பிள்ளை பெற்ற பெண்கள் இருந்தால் அவர்களுக்கும் அனேகமாகப் பார்த்திருப்பார்கள், யாரும் அதைப் பற்றிச் சித்தப்பாவுக்குப் போன் போட்டிருக்க மாட்டார்கள். வழக்கமான ரத்தச் சோதனைகளோடு சேர்ந்து போய்விடுவதால் அது பெரிய விஷயமாகவே தெரிவதில்லை.

பெரியவர்களுக்கு ஏன் என்றால், இங்கே எச்ஐவி இருப்பது புதிதாகத் தெரியவருபவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு, சில வருஷங்களில் பாதிக்கும் மேல், நோய் முற்றிய நிலையில்தான் தெரிகிறது. அதிலும் வயதானவர்கள் அதிகம். தனக்கு ஆபத்து உண்டு என்று நினைப்பவன் தானே போய்ச் சோதித்துக்கொள்வான், அவனுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். கல்யாணமாகி, பேரப்பிள்ளை எடுத்து, பத்து இருபது வருஷத்துக்கு முன்னால் எங்கோ நடந்ததை மறந்தே போனவருக்குத்தான் மருத்துவமனைப் படுக்கையில் முதல்முறையாகத் தெரியவருகிறது. "அவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவைச் சொல்லவில்லை, ஆனால் இந்த வாக்கியத்தை நான் எல்லாக் குடும்பத்திலும் கேட்டிருக்கிறேன். ஆளைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பதற்காகத்தான் எல்லாரிடமும் கேட்கச் சொன்னது.

கேட்ட விதம் தப்பு, அதில் உங்கள் பக்கம்தான் நான். மகனை மொழிபெயர்க்க வைத்து, மனைவியை நிற்க வைத்து, திரையைக்கூட முழுக்க இழுக்காமல் இதைக் கேட்கவே கூடாது. வார்டில் தமிழ் தெரிந்த தாதி ஒருத்தியாவது இருப்பாள், இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்லி வைக்கலாம். "எண்பது வயசுக்காரர் ஆனாலும் எல்லாருக்கும் இதைக் கேட்கிறோம் அங்கிள், ஏற்கெனவே எடுக்கிற ரத்தத்தோட இன்னொரு குழாய், தனியா ஊசி கிடையாது" என்று அவரிடம் நேராகச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் சரி என்பார்கள். இதை நான் செய்து பார்த்தே சொல்கிறேன்.

எமர்ஜென்சியில் ஏன் இல்லை என்றால், அங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் சில மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ரிசல்ட் வரும்போது ஆள் இருக்க மாட்டார். யார் கூப்பிட்டுச் சொல்வது? கொடுத்த போன் நம்பர் மகளுடையதாக இருந்தால்? ஏற்கெனவே நெஞ்சுவலி, பக்கவாதம், விபத்து என்று ஓடிக்கொண்டிருக்கிற டாக்டரிடம் இதையும் கட்டிவிட்டால் அது நடக்காது. தனியாக ஒரு குழு வேண்டும். மற்றபடி எமர்ஜென்சியில் எச்ஐவி சோதனையே கிடையாது என்று நினைக்க வேண்டாம். ஊசி குத்திக்கொண்ட ஊழியர்கள், பயந்துபோய் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்துக்கு ஓடிவருபவர்கள், இவர்களுக்கெல்லாம் அங்கேதான் பார்க்கிறோம். அந்த மருந்து 28 நாள் சாப்பிட வேண்டும், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை, இதையும் யாராவது தெரிந்துகொண்டால் நல்லது.

---

காப்பி_ஓ_கொசோங் எழுதியது:

தாதி அக்கா சொன்னதெல்லாம் சரி, நான் கொஞ்சம் கசப்பாகவே கேட்கிறேன்.

2019 ஜனவரியை எல்லாரும் மறந்துவிட்டீர்களா? எச்ஐவி பதிவேட்டில் இருந்த 14,200 பேரின் பெயர், அடையாள எண், போன் நம்பர், முகவரி எல்லாம் இணையத்தில் வெளியானது. 5,400 பேர் சிங்கப்பூரர்கள், 8,800 பேர் வெளிநாட்டவர்கள். அதை வெளியிட்ட அமெரிக்கரை அவருடைய ஊரில் ஜெயிலில் போட்டார்கள், சரி. ஆனால் பட்டியலில் பெயர் இருந்தவர்கள் அந்த வாரம் எப்படித் தூங்கியிருப்பார்கள்? பதிவேட்டில் இருப்பவரின் அடையாளத்தைச் சொன்னால் தொற்றுநோய்ச் சட்டப்படி தண்டனை உண்டு என்பது எனக்கும் தெரியும். வெளியான பிறகு தண்டனை கொடுத்து என்ன பயன்?

இப்போது எமர்ஜென்சிக்கு வரும் அத்தனை பேருக்கும் சோதனை என்றால் அந்தப் பட்டியல் இன்னும் நீளும். கால் சுளுக்கிக்கொண்டு போகிறவன் எச்ஐவி முடிவோடு திரும்பி வர வேண்டுமா? சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டிவிட்டு, எதிர்ப்புச் சொல்லாதவர்கள் எல்லாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எனக்குச் சம்மதமாகத் தெரியவில்லை. 40 டிகிரி காய்ச்சலில் போஸ்டர் படிப்பவர் யார், அதுவும் தமிழில் இருக்குமா?

செலவும் இருக்கிறது. 2012 முதல் 2017 வரை வருஷத்துக்கு 400லிருந்து 500 வரை புதிய நோயாளிகள் வந்துகொண்டிருந்தார்கள், 2022ல் 202 பேர்தான். எண்ணிக்கை குறைந்துகொண்டு வரும்போது வலையைப் பெரிதாக்குவதற்கு என்ன நியாயம்? ஈசூன்காரன், அப்பா வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர் உடம்பு, அவர் முடிவு. விட்டுவிடுங்கள்.

---

குழாயும்_லேபிளும் எழுதியது:

ஆய்வுக்கூடத்தில் வேலை, அதனால் காப்பி ஓ கேட்டதில் பாதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மீதி எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது.

முதலில் லண்டன் விஷயம். அது இங்கிலாந்து முழுக்கத் தொடங்கிய திட்டம் இல்லை. 2022 ஏப்ரலில் லண்டன், பிரைட்டன், மான்செஸ்டர், பிளாக்பூல் என்று எச்ஐவி மிக அதிகமாக உள்ள பகுதிகளில் தொடங்கினார்கள், அதாவது 1,000 பேரில் 5 பேருக்கு மேல் தொற்று உள்ள இடங்கள். பிறகுதான் அடுத்த நிலையில் உள்ள பகுதிகளுக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் 2006லேயே 13 வயது முதல் 64 வயது வரை எல்லாருக்கும், எமர்ஜென்சி உட்பட எல்லா மருத்துவ இடங்களிலும் எடுக்கலாம் என்று அவர்களுடைய நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொன்னது. அதற்கும் ஒரு விலக்கு வைத்தார்கள். கண்டுபிடிக்கப்படாத தொற்று 1,000 பேரில் 1க்கும் குறைவு என்று ஓர் இடத்தில் தெரிந்தால் அங்கே எல்லாருக்கும் எடுக்கத் தேவையில்லை. ஆகவே லண்டனில் செய்கிறார்களே என்று மட்டும் கேட்டால் போதாது, இங்கே வெளியே தெரியாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

ஏன் முதல் கேள்வி என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வசதிக்காக 10,000 பேரைச் சோதிக்கிறோம், அதில் 10 பேருக்கு உண்மையிலேயே தொற்று இருக்கிறது என்று வையுங்கள். சோதனை தொற்று இல்லாதவர்களில் 99.8 சதவீதம் பேருக்குச் சரியாக 'இல்லை' என்று சொல்லும் என்றால், மீதி 0.2 சதவீதம், அதாவது 20 பேருக்குத் தவறாக 'இருக்கலாம்' என்று காட்டும். 10 பேரையும் சரியாகப் பிடித்தால்கூட, 30 பேரின் குழாய் என் மேசைக்கு இரண்டாவது சோதனைக்கு வருகிறது, அதில் 20 பேருக்கு ஒன்றும் இல்லை. சோதனை மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை, இதைவிட நல்ல சோதனை மருத்துவத்தில் ரொம்பக் குறைவு. நோய் அரிதாக இருக்கும்போது எந்தச் சோதனைக்கும் இப்படித்தான் ஆகும். அதனால்தான் முதல் சோதனையை வைத்து யாருக்கும் எச்ஐவி என்று சொல்லக்கூடாது, உறுதிப்படுத்தும் சோதனை முடிந்த பிறகுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த 20 பேரும், இன்னும் ஒரு ரத்தம் வேண்டும் என்று போன் வந்ததிலிருந்து முடிவு வரும்வரை சாப்பிட்டிருக்க மாட்டார்கள். இந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இன்னொன்று, மக்கள் அடிக்கடி குழம்புவது. இப்போது ஆய்வுக்கூடங்களில் செய்வது நான்காம் தலைமுறைச் சோதனை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியையும் கிருமியின் பி24 என்ற புரதத்தையும் சேர்த்தே தேடும். அப்படியும் தொற்றி 45 நாள் ஆகும்வரை 'இல்லை' என்ற முடிவை முழுசாக நம்ப முடியாது. வீட்டிலேயே வாயில் ஈறு ஓரமாகக் குச்சியைத் தேய்த்துப் பார்க்கும் கிட்டுக்கு 90 நாள். போன வாரம் பயப்படும்படி ஏதாவது நடந்து, இந்த வாரம் வேறு எதற்கோ எமர்ஜென்சியில் ரத்தம் எடுத்து, எதுவும் சொல்லவில்லையே, அப்படியென்றால் தப்பித்தேன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. இங்கிலாந்துத் திட்டத்தில் பல இடங்களில், ஒன்றும் இல்லை என்றால் கூப்பிட்டுச் சொல்லவே மாட்டார்கள், அதுவேறு.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், எமர்ஜென்சியில் ரத்தம் எடுப்பவர்களுக்கு எதையாவது கூடுதலாகப் பார்க்கலாம் என்று பணம் ஒதுக்கினால் நான் ஹெப்படைட்டிஸ் பியை முதலில் வைப்பேன். இங்கிலாந்தில் எச்ஐவி, ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி மூன்றையும் சேர்த்துப் பார்த்ததில் எச்ஐவியைவிட ஹெப்படைட்டிஸ் பிதான் அதிகம் அகப்பட்டது. நம் பக்கத்திலும் அது எச்ஐவியைவிடப் பல மடங்கு அதிகம், கல்லீரல் புற்றுநோய் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். அதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

---

துவாஸ்_பக்கம் எழுதியது:

எல்லாரும் சிங்கப்பூரர்கள் போலப் பேசுகிறீர்கள், நான் ஒர்க் பர்மிட். எங்களுக்கு இந்தச் சோதனை சம்மதம் கேட்டு வருவதில்லை அண்ணே. வந்து இறங்கி இரண்டு வாரத்துக்குள் மெடிக்கல். மார்பு எக்ஸ்ரே, ரத்தம், காசநோய், எச்ஐவி, சிபிலிஸ், மலேரியா. அதில் பாஸானால்தான் பர்மிட். எச்ஐவி உறுதியானால் பர்மிட் ரத்து, ஊருக்கு டிக்கெட். ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் அப்படியே நிற்கும்.

எனவே எமர்ஜென்சியில் எல்லாருக்கும் எடுத்துவிடலாம் என்று நீங்கள் சொல்வது எங்கள் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு மாத்திரை, மானியம், டாக்டர் அப்பாயிண்ட்மென்ட். எங்களுக்கு அதே முடிவு விமான நிலையம். அப்புறம் எவன் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு வருவான்? ஏற்கெனவே கம்பெனிக்குத் தெரிந்தால் லீவு போகும் என்று பனடால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள்தான் விடுதியில் அதிகம். என் அறையிலேயே ஒருவர் இரண்டு வாரம் இருமிக்கொண்டே சாரத்தில் ஏறினார், அவருக்குக் கடைசியில் வேறு ஏதோ இன்ஃபெக்‌ஷன், எச்ஐவி இல்லை, ஆனால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாததற்குக் காரணம் "ரத்தம் எடுப்பானுங்க" என்ற பயம்தான்.

8,800 வெளிநாட்டவர் பெயர் வெளியானதே, அதில் எத்தனை பேர் எங்களைப் போல மெடிக்கலில் தெரிந்து ஊருக்குப் போனவர்களோ.

எங்கள் ஆட்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். பெயர், எஃப்ஐஎன் என்ற வெளிநாட்டவர் அடையாள நம்பர் எதுவும் கேட்காமல் சோதிக்கும் இடங்கள் இங்கேயே உண்டு. தேக்காவிலிருந்து நடந்தே போகலாம், கிளந்தான் லேனில் இருக்கும், பால்வினை நோய்களுக்கான டிஎஸ்சி கிளினிக்கில் ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ் என்ற தொண்டு அமைப்புக்காரர்கள் நடத்துகிறார்கள், வெளிநாட்டவரும் போகலாம். ஊருக்குப் போயிருக்கும்போது என்றால் அரசு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் இருக்கும், சோதனை இலவசம். 2004ல் மத்திய அரசு இலவச மருந்து கொடுக்க ஆரம்பித்தபோது தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி முதல் மையங்களில் ஒன்று. இப்போது மாவட்டங்களிலும் கிடைக்கிறது. ஊருக்கு அனுப்பிவிட்டால் செத்துவிடுவோம் என்று நினைத்து யாரும் தப்பான முடிவு எடுக்க வேண்டாம், அதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

---

பெயர்_வேண்டாம் எழுதியது:

இந்தத் திரியில் எழுதலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருக்கிறது. தெரிந்தது ஐம்பதைத் தாண்டிய பிறகு, வார்டில்தான், ஈசூன்காரன் அப்பாவிடம் கேட்ட அதே கேள்வியால். எனக்கு அதைக் கேட்டபோது நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன், சரி என்று தலையாட்டினேன், என்ன சோதனை என்று முழுசாகப் புரிந்துகொண்டுதான் ஆட்டினேனா என்று இன்றும் சொல்ல முடியாது.

அதற்கு முந்தைய ஒன்றரை வருஷத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் இந்தப் பேச்சுக்குப் பொருத்தம். முதலில் அக்கி வந்தது, இடுப்பைச் சுற்றி ஒரு பக்கமாக, சட்டை பட்டாலே எரியும். கிளினிக்கில் வயசாகுது அங்கிள், ஸ்ட்ரெஸ் என்றார்கள். மருந்து கொடுத்தார்கள், போனது. பிறகு எடை குறைந்தது. சர்க்கரையாக இருக்கும் என்று பாலிகிளினிக்கில் சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. நாக்கில் வெள்ளையாகப் படிந்தது, சுரண்டினாலும் போகாது, காரம் சாப்பிட முடியவில்லை. அதற்கு வைட்டமின். நடுவில் ஒருமுறை விடாத காய்ச்சலோடு எமர்ஜென்சிக்கே போனேன், டெங்கி பார்த்தார்கள், இல்லை, இரண்டு பை சலைன் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசியில் வறட்டு இருமல், எம்ஆர்டி படியில் பாதியில் நின்று பிடித்துக்கொள்ள வேண்டிய நிலை. எச்ஐவி முற்றியவர்களுக்கு வரும் ஒருவகை நிமோனியா அது. அன்று என் சிடி4, அதாவது நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இரண்டு இலக்கத்தில் இருந்தது. ஆரோக்கியமானவருக்கு 500க்கு மேல் இருக்கும், 200க்குக் கீழே போனால் எய்ட்ஸ் என்பார்கள்.

ஒரு டாக்டரைக்கூட நான் குறை சொல்லவில்லை. மீசை வைத்த, மோதிரம் போட்ட, மனைவியோடு வந்து உட்கார்ந்திருக்கிற இந்தியரிடம் இதைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை, அவ்வளவுதான். காய்ச்சலோடு எமர்ஜென்சிக்குப் போன அந்த ராத்திரி, டெங்கிக்கு எடுத்த ரத்தத்திலேயே இதையும் பார்த்திருந்தால் ஐசியு வரைக்கும் போயிருக்க மாட்டேன். காப்பி ஓ அண்ணன் கேட்டாரே, கால் சுளுக்குக்கு வந்தவனுக்கு எதற்கு என்று. சுளுக்குக்கு ரத்தமே எடுக்க மாட்டார்கள். ரத்தம் எடுக்கிற அளவுக்கு உடம்பு சரியில்லாதவனுக்குப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இப்போது ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. 2020 செப்டம்பரிலிருந்து இந்த மருந்துகளுக்கு அரசாங்க மானியம் உண்டு, மெடிசேவ் என்ற நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்தும் எடுக்கலாம். அதற்கு முன்னால் பாங்காக் போய் வாங்கி வந்தவர்களை எனக்கே தெரியும். ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றால் உறவில் இன்னொருவருக்குத் தொற்றாது, இது ஊகம் இல்லை, ஆயிரக்கணக்கான தம்பதிகளைப் பின்தொடர்ந்து பார்த்து நிரூபித்தது. இங்கே சட்டத்தையும் 2024ல் அதற்குத் தக்கபடி மாற்றினார்கள். அதுவரை உறவுக்கு முன்னால் துணையிடம் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் 10 வருஷம் வரை சிறை, 50,000 வெள்ளி வரை அபராதம். இப்போது கண்டறிய முடியாத அளவில் நிலையாக இருப்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சொல்லாமல் இருங்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. என் மனைவிக்கு நான்தான் சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்பது இங்கே வேண்டாம். அவருக்குச் சோதித்தார்கள், இல்லை என்று வந்தது.

2019ல் நான் தூங்கினேனா என்று கேட்டால், இல்லை. பட்டியலில் சிங்கப்பூரர்கள் 2013 ஜனவரி வரை பதிவானவர்கள்தான், நான் அதற்குப் பிறகு, தப்பித்தேன். ஆனாலும் போன் அடிக்கும்போதெல்லாம் பயம். காப்பி ஓவின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பட்டியலுக்குப் பயந்து சோதிக்காமல் இருந்திருந்தால் நான் பட்டியலிலும் இருந்திருக்க மாட்டேன், இங்கே எழுதிக்கொண்டும் இருந்திருக்க மாட்டேன்.

---

காப்பி_ஓ_கொசோங் எழுதியது:

பெயர் வேண்டாம் அண்ணே, எழுதியதற்கு நன்றி. ரத்தம் எடுக்கிறவர்களுக்கு மட்டும் என்பது நான் நினைத்ததைவிட நியாயமான எல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். போஸ்டர் சம்மதம் பற்றி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மனிதர் வாயால் ஒரு வரி கேட்க வேண்டும், அவருக்குப் புரிகிற மொழியில். துவாஸ் தம்பி சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன்.

---

வார்டு_அக்கா எழுதியது:

துவாஸ் தம்பி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, இருந்தால் எழுதியிருப்பேன். முடிவு உறுதியானால் அறிவிக்க வேண்டும் என்பது டாக்டருக்குச் சட்டம், தாதி நினைத்து மாற்ற முடியாது. நான் செய்ததெல்லாம், பர்மிட்காரர்களிடம் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு என்பதை இரண்டு முறை சொல்வது. அது சரியா என்று வார்டிலேயே ஒருமுறை என் சீனியரோடு வாக்குவாதம் வந்தது. நோய் இருந்து தெரியாமலே போனால் நோயாளிக்கும் ஆபத்து, அவர் துணைக்கும் ஆபத்து என்றார் சீனியர். அவர் சொன்னதும் தப்பில்லை. எமர்ஜென்சியில் எல்லாருக்கும் என்று ஒருநாள் கொண்டுவந்தால், முதலில் இதைத் தீர்த்துவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து.

---

ஈசூன்காரன் எழுதியது:

இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. பெயர் வேண்டாம் அண்ணன் எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

இன்று காலை வார்டில் புவனகிரி பக்கம் ஊர் என்று சொன்ன ஒரு தமிழ்த் தாதி டூட்டியில் இருந்தார். அவரிடம் தனியாக விஷயத்தைச் சொன்னேன். அம்மாவை நான் காப்பி குடிக்கக் கீழே கூட்டிப்போனேன், திரும்பி வந்தபோது அப்பா கையில் பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அம்மாதான் பஞ்சைப் பார்த்துவிட்டு "மறுபடியும் ரத்தமா?" என்றார், "எல்லாருக்கும் எடுக்குறாங்களாம்" என்று சொல்லிவிட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

நிமோனியாவுக்கு மருந்து வேலை செய்கிறது, ஆக்சிஜன் எடுத்துவிட்டார்கள். குழாயும் லேபிளும் அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். ஃபார்மசியில் விற்கும் அந்த வாய்க்குச்சி கிட்டை நான் எனக்கு வாங்கிப் பார்த்தால், கோடு விழுந்தால் அடுத்து எங்கே போக வேண்டும்? அப்பாவைச் சோதிக்கச் சொல்லிவிட்டு நான் ஒருமுறைகூட எடுத்ததில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது.

---

குழாயும்_லேபிளும் எழுதியது:

நல்ல யோசனை. இரண்டு கோடு விழுந்தாலும் அது முடிவு இல்லை, ரத்தம் கொடுத்து உறுதிப்படுத்த வேண்டும். டிஎஸ்சி கிளினிக், பாலிகிளினிக், உங்கள் குடும்ப டாக்டர், எங்கே வேண்டுமானாலும் போகலாம். உறுதியானால் பெரும்பாலும் நொவீனாவில் உள்ள தேசியத் தொற்றுநோய் நிலையத்துக்கோ பெரிய மருத்துவமனைகளின் தொற்றுநோய்ப் பிரிவுக்கோ அனுப்புவார்கள். ஒரு கோடு மட்டும் விழுந்தால், கடைசி 90 நாளில் எதுவும் இல்லை என்றால் நிம்மதியாக இருக்கலாம். சோதனைக்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாதீர்கள், குடிக்காதீர்கள், பல் தேய்த்த உடனே எடுக்காதீர்கள். 20 நிமிஷம் ஆனதும் பாருங்கள், 40 நிமிஷத்துக்கு மேல் விட்டுப் பார்த்தால் அந்த முடிவு செல்லாது.